கழுத்துக்குக் கீழே

அத்தியாயம் பதினொன்று

கனடாவிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வருவார்கள் என்று தெரிந்ததும், பொன்னம்பலத்தின் வெள்ளவத்தை ஃபிளாட்டில் இரண்டு பொருட்கள் இடம் மாறின. சோபாவின் கிழிந்த பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியது. மற்றது ஆதிரை.

பேத்தியைப் பொருள் என்றால் பொன்னம்பலத்துக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன கிழமை அந்த வீட்டில் ஒரு பேரம் நடந்தது. கனடாவிலிருக்கும் மாமன் மகன் கிஷாந்தைக் கட்டுகிற எண்ணம் பொன்னம்பலத்தின் மகள் சாம்பவிக்கு இல்லை. ஆனாலும் தாயிடம் சொன்னாள்: "நான் சேலையைக் கட்டிக்கொண்டு பொம்மை மாதிரிக் கதிரையில இருக்கிறன். அவையள் பார்த்திட்டுப் போகட்டும். ஆனா அண்டைக்குக் காலமை ஆதிரையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும். சரியோ?"

தாய் சிவக்கொழுந்து பிள்ளையார் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தாள்.

ஆதிரை, சாம்பவியின் தமையன் சயந்தனின் மகள். வயது ஐந்து. உயரமோ இரண்டு வயதுப் பிள்ளைக்குரியது. கையும் காலும் குட்டை. நகங்கள் அரிசிக் குறுணி போல. கைக்கு ஆறாகப் பன்னிரண்டு விரல்கள். இதெல்லாம் வெளியே தெரிவது. உள்ளே, இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய சுவர் இல்லை. வீட்டில் அதைச் 'சின்ன ஓட்டை' என்பார்கள். ஓட்டை விழுவதற்கும் முதலில் ஒரு சுவர் வேண்டும்.

சுவர் இல்லாததால் அளவுக்கு மிஞ்சிய இரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. அங்கே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. அது ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் சத்திரசிகிச்சை செய்ய எந்த வைத்தியரும் முன்வரமாட்டார். பிறகு மருந்தைக் கொடுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை. இது மூன்றாவது திகதி. முதலாவதைச் சாத்திரியார் தின்றார். இரண்டாவதை இரத்மலானையில் ஒரு கலியாணவீடு தின்றது.

*

காலை பத்து மணிக்கு மேல்மாடி ஸீனத் வந்து சாம்பவியின் தலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் யாருக்குக் கலியாணம் என்றாலும் தலை ஸீனத்தின் பொறுப்பு.

"புள்ள, அசையாதீங்க. பின் மண்டைக்குள்ள போயிரும்."

"போகட்டும் ஸீனத் அக்கா. உள்ள ஒண்டுமில்லை."

"கெம்பஸ் போன புள்ள பேசுற பேச்சா இது?"

தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரித் தாதி. சிங்களத்தில் கேட்டாள்: பிள்ளை ஏன் இன்னும் வரவில்லை? டொக்டர் இரண்டு தரம் கேட்டுவிட்டார். மத்தியானத்துக்குப் பிறகும் ஒரு மணித்தியாலம் வைத்துப் பார்ப்பார். அதற்கும் வராவிட்டால் இனி அடுத்த வருஷம்தான்.

சாம்பவி எழும்பினாள். தலையில் ஒரு பக்கம் பின்னி முடிந்திருந்தது. மறுபக்கம் அவிழ்ந்து கிடந்தது. சீப்பைப் பிடித்தபடி ஸீனத்தும் பின்னால் வந்தாள்.

சமையலறையில் சிவக்கொழுந்து ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை என்றபடியால் மரக்கறி ரோல்ஸ்.

"அம்மா, ஆதிரை எங்க?"

"உன்ர அண்ணன் விடியவே கொண்டுபோயிட்டானே."

"எங்க கொண்டுபோனவன்?"

சிவக்கொழுந்து ஒரு ரோல்ஸை ரஸ்க் தூளில் புரட்டினாள். இன்னொரு தரமும் புரட்டினாள்.

"கொட்டாஞ்சேனைக்கு. சின்னமாமா வீட்டை. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி இருந்தது. செவ்வாய்க்கிழமையெல்லோ."

"அந்தோனியார் எக்கோ எடுப்பாரோ?"

"வாயைக் கழுவு."

"சத்தியம் பண்ணினனீங்கள்."

"பண்ணினனான்தான். ஆர் இல்லையெண்டது? நாளைக்குக் கொண்டுபோகலாம். அஞ்சு வரியமாத் துடிக்கிற நெஞ்சு ஒரு நாளில நிண்டுபோகுமே?"

ஸீனத் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அஸ்தஃபிருல்லா" என்று வாய்க்குள் சொன்னாள்.

சிவக்கொழுந்து குரலைத் தாழ்த்தினாள். "கனடா மாமி கண்டால் என்ன நினைப்பா? எங்கட ரத்தத்தில பழுதெண்டு நினைக்கமாட்டாவே? பிறகு உன்னை ஆர் கட்டுவான்?"

"கனடா மாமா ஆர்? உங்கட கூடப்பிறந்த அண்ணன். அவருக்கு வேற ரத்தம், உங்களுக்கு வேற ரத்தமோ?"

"உந்தப் பட்டாணிக் கதையைப் பள்ளிக்கூடத்தில வைச்சுக்கொள்."

சாம்பவி பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறவள். பெற்றோரின் இயல்புகள் பிள்ளைக்கு எப்படி வருகின்றன என்பதைப் பட்டாணிச் செடியை வைத்து வருஷா வருஷம் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறாள். வீட்டில் கீறக் கரும்பலகை இல்லை. கனடாவில் ஒரு அண்ணன், கொட்டாஞ்சேனையில் ஒரு தம்பி, நடுவில் சிவக்கொழுந்து. தம்பி மகள் சிவானியைத் தன் மகன் சயந்தனுக்கு எடுத்தாள். இப்போது அண்ணன் மகன் கிஷாந்துக்குத் தன் மகளைக் கொடுக்கப் பார்க்கிறாள். அந்தக் கனடா மாமியும் மாமாவுக்கு மச்சாள் முறைதான். காணியும் சீதன வீடும் வெளியே போகக்கூடாது என்று கட்டிக்காத்த குடும்பம். காணியோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் வெளியே போகாமல் நிற்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கனடாக்காரருக்கு ஆதிரையைத் தெரியும். வட்ஸ்அப்பில் அழகான முகம், சுருட்டை முடி, நெற்றியில் பொட்டு. வட்ஸ்அப்பில் ஆதிரைக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பே கிடையாது.

சாம்பவி கைப்பையை எடுத்தாள். பொன்னம்பலம் பேப்பரைத் தாழ்த்தினார்.

"எங்க வெளிக்கிட்டாய்?"

"கொட்டாஞ்சேனைக்கு."

"நாலு மணிக்கு நிப்பியோ?"

"உங்கட பேத்தியின்ர அலுவல் முடிஞ்சால் நிப்பன்."

"உன்னைப் படிப்பிச்சது என்ர பிழை" என்றார் அவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி சாம்பவி. அந்தப் பட்டமளிப்புப் படம் சோபாவுக்கு மேலே பெரிதாகச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக இன்று அதன் கண்ணாடியைத் துடைத்துவைத்தவரும் அவர்தான்.

*

முச்சக்கரவண்டிக்காரன் ரொனி மட்டக்குளிக்காரன். கொட்டாஞ்சேனைச் சந்தெல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. போகிற வழியில் சாம்பவி தமையனைத் தொலைபேசியில் பிடித்தாள். ஐந்தாம் தரம் அடித்தபோதுதான் எடுத்தான்.

"கடையில நிக்கிறன். பிறகு கதைக்கிறன்."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுபோகேல்லை?"

"அம்மா அழுதவ."

"ஆதிரை அழேல்லையோ?"

"அவளுக்கு எங்க போறமெண்டே தெரியாது. சாம்பவி, ஒரு நாள்தானே. உன்ர நல்லதுக்குத்தான்..."

அவள் அழைப்பை வெட்டிவிட்டாள். என் நல்லதுக்காம். இந்த வீட்டில் யாராவது ஒருவருடைய நல்லதுக்கென்றுதான் எல்லா அநியாயமும் நடக்கிறது.

"மிஸ், நான் சும்மா கேக்குறேன், சண்டைக்கா போறோம்?" என்றான் ரொனி.

"ஓம்."

"அப்ப கொஞ்சம் வேகமா போறேன்."

சின்னமாமாவும் மாமியும் விருந்துக்கு உதவ வெள்ளவத்தைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். கொட்டாஞ்சேனை வீட்டு மேல்மாடியில் ஆதிரையும் தாய் சிவானியும் மட்டும். ஆதிரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கதிரையில் ஏறி நின்று, ஒழுங்கைக்குள் வரும் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். உதடுகள் நாவற்பழம் தின்றவை போல இருந்தன. நாவற்பழம் தின்னவில்லை.

"பன்னிரண்டு" என்று எண்ணி நிறுத்தினாள்.

"அதுக்குப் பிறகு?" என்றாள் சாம்பவி.

"அதுக்குப் பிறகு விரல் முடிஞ்சுது." திரும்பிப் பார்த்தாள். "சாம்பி மாமி! உங்கட தலைக்கு என்ன நடந்தது?"

"ஒரு பக்கம் கலியாணத்துக்கு ஓமெண்டுது. மற்றப் பக்கம் மாட்டனெண்டுது."

ஆதிரை சிரித்தாள். சிரிப்பு பாதியில் இளைப்பாக மாறியது. ஒடுங்கிய நெஞ்சுக்கூடு சட்டைக்குள் ஏறி இறங்கியது. சிவானி ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"வெளிக்கிடுங்கோ மச்சாள்" என்றாள் சாம்பவி. "கீழ வண்டி நிக்குது. டொக்டர் இன்னும் இருக்கிறா."

"மாமி நாளைக்கெண்டு சொன்னவ."

"மாமி பெத்த பிள்ளையே இது?"

"மாமி பெத்த ஆளைத்தானே கட்டியிருக்கிறன்."

"அதுக்கு? வாயில்லையோ உங்களுக்கு? அம்மா நில் எண்டால் நிக்கிறது, இரு எண்டால் இருக்கிறது. பிள்ளை நீலமாப் போறது கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

சிவானி நிமிர்ந்தாள். கோபத்தில் அவள் குரல் உயரவில்லை, இன்னும் மெலிந்தது.

"உங்களுக்கு லேசு மச்சாள். கத்திப்போட்டு அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்துவியள். நான் கத்தினால் எந்த அறைக்குள்ள போறது? அதுவும் மாமியின்ர அறை. நீலமாகிறது தெரியேல்லையோ எண்டு என்னட்டக் கேக்கிறியள். ராவில எழும்பி மூக்கடியில கையை வைச்சுப் பார்க்கிறது நீங்களோ, நானோ?"

சாம்பவி ஆதிரையைக் கதிரையிலிருந்து தூக்கி இறக்கினாள்.

"போன முறை டொக்டர் கேட்டவ, நீங்கள் ரெண்டு பேரும் சொந்தமோ எண்டு" என்றாள் சிவானி. "மாமி பக்கத்தில இருந்தவ. இல்லையெண்டு அவதான் சொன்னவ. நான் தலையை ஆட்டினனான்."

"ஏன்?"

"சொந்தத்துக்குள்ள கட்டினதாலதான் இப்பிடியெண்டு சிரிப்பினமாம். எழுதிவைச்சால் கதை வெளியில போகுமாம். உங்கட கலியாணம் முடியட்டுமாம்."

கீழே ரொனி ஒருமுறை ஹோர்ன் அடித்தான். சிவானி கதவுக்குப் பின்னால் கிடந்த ஆதிரையின் செருப்பை எடுத்தாள். பாதம் அகலம் என்பதால் வாரை வெட்டித் தைத்த செருப்பு.

"நான் வாறன். ஆனா அங்க நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. நான்தான் கதைப்பன்."

"சரி."

"பகிடியில்லை மச்சாள். ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது."

"என்னைத் தூக்குங்கோ" என்றாள் ஆதிரை. "இந்தப் படியெல்லாம் பெரிய ஆக்களுக்குக் கட்டினது."

*

டொக்டர் ஷஹீமா ஆதிரையின் நெஞ்சில் கருவியை நகர்த்தியபடி, இதயம் தெரியும் எக்கோத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில்லாமல் படுத்திருந்த ஆதிரைதான் பேசிக்கொண்டிருந்தாள்: ஜெல் குளிருது, அந்தக் கறுப்புக்குள்ள என்ன துள்ளுது, அது நானா, நான் ஏன் மீன் மாதிரி இருக்கிறன்.

டொக்டர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

சிவானி அவர் வாய் திறப்பதற்கு முன்பே சொன்னாள்: "டொக்டர், போன முறை பொய் சொன்னது. நானும் அவரும் சொந்தம். எனக்கு மாமியின்ர மகன்."

டொக்டர் ஏசவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவள் முன்னால் இருந்தார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். விரல், நகம், நெஞ்சுக்கூடு, இதயம், எல்லாம் சேர்ந்து ஒரே நோய். மிச்சம் அரிதா வாறது. தாய்க்கும் தகப்பனுக்கும் ஒண்டும் தெரியாது, சுகமா இருப்பாங்க. ரெண்டு பேர்ட்டயும் அது ஒளிஞ்சிருந்தாத்தான் பிள்ளைக்கு வரும். சொந்தத்துக்குள்ள அது நடக்க இடம் கூட. உங்கட பிழையெண்டு நான் சொல்லல்ல. ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு சந்தர்ப்பம் இருக்கு."

"அடுத்ததுக்கும்?"

"ஒவ்வொரு முறையும் நாலில ஒண்டுதான். இந்த முறை வந்திட்டுது, இனி வராதெண்டு கணக்கில்ல. குடும்பத்தில வேற யாருக்காவது இப்படி? சின்னதிலயே தவறின பிள்ளை?"

"இல்லை" என்றாள் சிவானி. இந்த முறை அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மை.

சாம்பவி வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் ஒரு கரும்பலகை விரிந்தது. ஒரு பக்கம் கிஷாந்த், மறுபக்கம் சாம்பவி, நடுவில் பெருக்கல் குறி. தினமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தன் பெயரில் போட்டுப் பார்க்க இத்தனை நாளும் தோன்றவில்லை.

"ஒபரேஷன் செய்யலாமோ?" என்று சிவானி கேட்டாள்.

"அழுத்தம் கூடியிருக்கு. எவ்வளவு கூடினதெண்டு இதில சரியாச் சொல்ல ஏலாது. வியாழக்கிழமை கால் நரம்பு வழியா ஒரு சின்னக் குழாய் விட்டு உள்ள அளந்து பார்ப்போம். மருந்துக்கு அழுத்தம் இறங்கினா ஒபரேஷன் செய்யலாம்."

"இறங்காட்டில்?"

டொக்டர் ஆதிரையைப் பார்த்தார். "முதல் திகதிக்கு வந்திருந்தீங்கெண்டா நீங்க இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கத் தேவையில்ல. இண்டைக்கே பிள்ளையை வார்டில நிப்பாட்டுறேன். வீட்டுக்குக் கொண்டுபோனா நீங்க திரும்பி வருவீங்களெண்டு எனக்கு நம்பிக்கையில்ல. குறை நினைக்காதீங்க."

குறை நினைக்க என்ன இருக்கிறது? அந்த அறையில் ஒரே ஒருவர்தான் ஆதிரையின் குடும்பத்தைச் சரியாக விளங்கிக்கொண்டிருந்தார்.

*

நாலு மணி கழிந்து சாம்பவியின் தொலைபேசி அதிர்ந்தது. வட்ஸ்அப் வீடியோ. சமையலறைச் சுவருக்கு முன்னால் தாயின் முகம், மூக்குத்தி, வியர்வை.

"எங்க நிக்கிறாய் மூதேவி? வந்திட்டினம்! ஸீனத் வீட்டில தலை இழுக்கிறாயெண்டு சொல்லி வைச்சிருக்கிறன்..."

"கொழுந்து, ஆர் எங்கட மருமகளோ?" பின்னாலிருந்து ஒரு குரல். "இஞ்ச தா போனை."

"இல்லை மச்சாள், அது வந்து..."

படம் ஆடியது. கனடா மாமியின் முகம் திரையை நிறைத்தது. நல்ல முகம். சிரித்தபடி, "என்ன பிள்ளை, எங்களுக்குப் பயந்து ஒளிச்சுப்போட்டியோ? எங்க நிக்கிறாய்?" என்றார்.

வாயைத் திறப்பதில்லை என்று சாம்பவி சிவானிக்குச் சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். போனை மட்டும் திருப்பினாள்.

கட்டிலில் ஆதிரை. சட்டையில்லை. நெஞ்சில் ஒட்டிய வட்டங்கள், அவற்றிலிருந்து வயர்கள். முழங்கையோடு முடிந்துவிடுவது போன்ற கைகள். கட்டிலின் பாதிக்கும் எட்டாத கால்கள்.

"ஹாய், கனடா அப்பம்மா" என்று அவள் கையசைத்தாள்.

மாமியின் முகம் திரைக்கு இன்னும் கிட்ட வந்தது. பிறகு சிவக்கொழுந்தின் குரல்: "லைன் சரியில்லை மச்சாள். வெட்டுங்கோ, வெட்டுங்கோ."

"தொடாதை" என்றார் மாமி. அந்தக் குரலில் சிரிப்பில்லை. "குஞ்சு, கையைக் கிட்டக் காட்டு."

ஆதிரை காட்டினாள். ஒவ்வொரு விரலாகத் தானே எண்ணிக்காட்டினாள். ஆறு என்றதும் திரை கீழே இறங்கியது. மாமி எங்கோ உட்கார்ந்துவிட்டார் போல. திரையில் இப்போது ஒரு தட்டு ரோல்ஸும் கிழிந்த பக்கம் மறைந்த சோபாவும்தான் தெரிந்தன.

"என்ர மூத்தவனுக்கும் இப்பிடித்தான் இருந்தது."

"என்ன மச்சாள் சொல்லுறியள்?"

"கிஷாந்துக்கு முதல் பிறந்தது. உனக்குச் செத்துப் பிறந்ததெண்டு சொன்னது. செத்துப் பிறக்கேல்லை கொழுந்து. கொஞ்ச நாள் இருந்தது. நீலமாகி நீலமாகிப் போனது. ஒருத்தருக்கும் சொல்லாதையெண்டு உன்ர அண்ணர் சத்தியம் வாங்கினவர்."

"எனக்கேன் சொல்லேல்லை?" சிவக்கொழுந்தின் குரல் கிறீச்சிட்டது. "என்ர மகனுக்குச் சிவானியைப் பேசேக்கையாவது சொல்லியிருக்கலாமே! ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல வெளிக்கிட்டனான். நல்ல காரியம் நடக்கிற இடத்தில அபசகுனம் கதைக்காதையெண்டார். நீ மட்டும் என்ன? இந்தப் பிள்ளையின்ர முகத்தை மட்டும்தானே எனக்கு அனுப்பினனீ. என்ர பெடியனுக்குப் பொம்பிளையும் தரப் பார்த்தனீ."

இடையில் ஒரு ஆணின் குரல், தமிழைத் தேடித் தேடி: "அம்மா... எனக்கொரு அண்ணா இருந்தவரா?"

தான் கட்டப்போவதாகச் சொல்லப்பட்டவனின் குரலைச் சாம்பவி நேராகக் கேட்டது அதுதான் முதல்முறை. அவன் மேல் ஒரு கணம் இரக்கம் வந்தது. அவனையும் கழுத்து வரைக்கும்தான் வளர்த்திருக்கிறார்கள்.

பொன்னம்பலம் இருமினார். சிவக்கொழுந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "சரி, போனது போகட்டும். அதை ஏன் இப்ப கதைச்சுக்கொண்டு? முதல் ரோல்ஸைச் சாப்பிடுங்கோ மச்சாள், ஆறுது."

சாம்பவி அழைப்பை வெட்டினாள். டொக்டர் ஷஹீமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நான் இப்ப கதைக்கலாமோ?" என்று சாம்பவி சிவானியிடம் கேட்டாள்.

சிவானி தலையசைத்தாள்.

"டொக்டர், குடும்பத்தில வேற ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொன்னதை அடியுங்கோ. ஒண்டு இருந்தது. பேர்கூட வைக்கேல்லைப் போல."

டொக்டர் எழுதவில்லை. அவர் பார்வை சிவானியில் இருந்தது.

"இது முக்கியம். வடிவாக் கேளுங்க. இனி ஒரு பிள்ளை யோசிக்கிறதெண்டா நீங்களும் கணவரும் முதல்ல இங்க வாங்க. ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதிச்சுப் பார்க்க வழி இருக்கு."

சிவானி ஆதிரையின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை விரித்தாள். திரும்பவும் மடித்தாள்.

"முதலெண்டால்?"

"வயித்தில தங்குறதுக்கு முந்தி."

"அப்ப அதுக்கும் பிந்திட்டுது டொக்டர்."

சாம்பவி திரும்பினாள். சிவானி அவளைப் பார்க்கவில்லை. மடித்த சட்டையை வயிற்றோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மச்சாள்... அண்ணனுக்குத் தெரியுமோ?"

"மாமிக்குத் தெரியும்" என்றாள் சிவானி. "கனடாக்காரர் போனாப்பிறகு அவருக்குச் சொல்லலாமெண்டவ."